சங்கீதம் 91-ஐ கொரோனாவுக்குப் பிறகு எப்படி வாசிப்பது?

நெல்லைச்சீமை எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சேகரத்தில், அதாவது சபை வட்டாரத்தில், புதன்கிழமை வேதபாடத்தை நான்தான் நடத்துகிறேன். அடுத்த மாதம் சங்கீதம் 91 எடுக்கும்படி எங்கள் போதகர் ஐயர் சொல்லியிருக்கிறார். தயார் பண்ண உட்கார்ந்தால் பத்தாம் வசனத்தைத் தாண்ட முடியவில்லை.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். வாசல் நிலையில் "பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது" என்ற அந்தப் பத்தாம் வசனத்தை, அந்த வருஷத்துக்கென்று எடுத்த வாக்குத்தத்த வசனமாக, லேமினேட் செய்து ஒட்டியிருந்தார். 2021 மே மாதம் அதே கதவில், அதற்கு ஒரு சாண் கீழே, தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று சுகாதாரத் துறைக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். அரிசி, காய்கறியைப் படியில் வைக்கப் போகும்போதெல்லாம் இரண்டும் சேர்ந்துதான் கண்ணில் படும். ஆஸ்பத்திரிக்குப் போன அவர் கணவர் திரும்பி வரவில்லை. அடக்கம் முடிந்து ஜெபிக்க வந்த பெரியவர் ஒருவர், "விசுவாசத்துல எங்கேயோ ஓட்டை இருந்திருக்கும்மா, ஆராய்ஞ்சு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அக்கா இன்னமும் கோயிலுக்கு வருகிறார், வேதபாடத்துக்கும் வருவார்.

அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இந்தச் சங்கீதத்தை என்னவென்று விளக்குவது? "இது ஆவிக்குரிய பாதுகாப்பைச் சொல்கிறது" என்று மழுப்பிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. ஏனென்றால் மூன்றாம் வசனமும் ஆறாம் வசனமும் கொள்ளைநோய் என்றே சொல்கின்றன. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜெபவீரன் எழுதியது:

பிரதர், அந்தப் பெரியவர் சொன்னது தப்பு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல விடுங்கள். அந்த நாட்களில் எங்களைத் தாங்கியதே இந்த 91-ஆம் சங்கீதம்தான். எங்கள் சபையில் இரவு ஒன்பது மணிக்கு எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் சத்தமாக வாசிப்போம், வாட்ஸ்அப் குழுவில் குரல்பதிவு போடுவோம். ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டிருந்த ஒரு விசுவாசிக்காக அதைச் சொல்லிச் சொல்லி ஜெபித்தோம், அவர் பிழைத்தார், சாட்சியும் சொன்னார். அதைப் பொய் என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாது. வேதத்தில் இருக்கிறது, அப்படியே விசுவாசிக்கிறோம். ஆபத்து வரும்போது வாக்குத்தத்தத்தைப் பிடித்துக்கொள்ளாமல் வேறு எப்போது பிடித்துக்கொள்வது?

பழைய_ஏற்பாடு எழுதியது:

ஜெபவீரன், உங்கள் சாட்சியை நான் பொய் என்று சொல்லவில்லை. பிடித்துக்கொள்வது தப்பில்லை. ஆனால் இதே சங்கீதத்தை இன்னொருவனும் பிடித்துக்கொண்டான், அதை மறக்கக்கூடாது. மத்தேயு 4:6-ல் தேவாலயத்து உப்பரிகையின்மேல் இயேசுவை நிறுத்தி, "தாழக் குதியும், தூதர்கள் உம்மை ஏந்திக்கொண்டு போவார்கள்" என்று சாத்தான் எடுத்துச் சொல்வது 91-ஆம் சங்கீதத்தின் 11, 12 வசனங்கள். "அந்த வசனம் பொய்" என்று இயேசு சொல்லவில்லை. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்று உபாகமத்திலிருந்து இன்னொரு வசனத்தைப் பக்கத்தில் வைக்கிறார். நெருக்கடியில் வசனத்தை எப்படிக் கையாளுவது என்பதற்கு வேதமே காட்டும் பாடம் இது. 2020-ல் முகக்கவசம் வேண்டாம், இயேசுவின் இரத்தம் என்ற கோட்டைக்குள் இருக்கிறோம் என்று பேசியவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பதிலும் இதுதான்.

இந்தச் சங்கீதத்தைத் தாயத்து மாதிரிப் பயன்படுத்துவதும் நேற்று வந்த பழக்கம் இல்லை. சாக்கடல் பக்கம் கும்ரான் குகையில் கிடைத்த ஒரு சுருளில், பேயை விரட்டச் சொல்லும் பாடல்களோடு சேர்த்து இது எழுதப்பட்டிருக்கிறது. பயத்தில் இருக்கிற மனிதன் இதைத்தான் தேடி வந்திருக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேள்விக்கு வருகிறேன். கி.பி. 250-களில் ரோமப் பேரரசு முழுக்க ஒரு கொள்ளைநோய் பரவியபோது, அஞ்ஞானிகள் சாகிற அதே நோயில் நம்மவர்களும் சாகிறார்களே என்று கார்த்தேஜ் சபையார் கலங்கிப்போனார்கள். பிஷப் சிப்ரியான் அவர்களுக்காகவே ஒரு நூல் எழுதினார். இந்த உலகத்தில் இருக்கும்வரை மாம்சம் எல்லாருக்கும் பொது, பஞ்சம் வந்தால் எல்லாருக்கும் பஞ்சம்தான், கப்பல் பாறையில் மோதினால் அதில் இருக்கிற எல்லாருக்கும்தான் சேதம் என்று விளக்கினார். அந்த அக்காவுடைய கேள்வி சபை கிட்டத்தட்ட 1800 வருஷமாகக் கேட்டுவரும் கேள்வி. விசுவாசம் குறைந்ததால் வந்த கேள்வி இல்லை என்பதை முதலில் அவர் காதில் விழும்படி சொல்லுங்கள்.

கடலோரம் எழுதியது:

நான் கத்தோலிக்கன், குமரி மாவட்டக் கடற்கரை. நாங்கள் திருப்பாடல் 91 என்போம், ஞாயிறு இரவு மன்றாட்டில் அதுதான் வரும். இங்கே கொரோனாவுக்கு முன்பே இந்தக் கேள்வி வந்துவிட்டது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. குளச்சலிலும் மணக்குடியிலும் கிறிஸ்துமஸ் குடிலைக்கூட யாரும் பிரிக்கவில்லை, அதற்குள் கடல் ஊருக்குள் வந்துவிட்டது. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸ் முடிந்து கடற்கரையில் நின்ற திருப்பயணிகள் போனார்கள். கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை, மாதா காப்பாற்றினாள் என்று ஊரெல்லாம் பேசினார்கள். அப்படியானால் கரையில் நின்று செத்தவர்கள் யார் பிள்ளைகள்? அவர்களும் அதே மாதாவைப் பார்க்க வந்தவர்கள்தானே. இதைக் கேட்டால் அன்றைக்குக் கோபப்பட்டவர்கள் உண்டு.

எங்களை அந்த வாரம் தாங்கியது நாங்கள் தேடி எடுத்த வசனம் இல்லை. டிசம்பர் 28 எங்களுக்கு மாசில்லாக் குழந்தைகள் விழா. உலகம் முழுக்க அன்றைக்கு வாசிக்க வேண்டிய நற்செய்தி ஏரோது குழந்தைகளைக் கொன்ற பகுதி, மத்தேயு 2. ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள் என்று வரும். குழந்தைகளைக் கும்பலாகப் புதைத்து ஒருநாள்கூட ஆகாத ஊரில் பங்குத்தந்தை அதைத்தான் வாசித்தார். அதற்கு மறையுரை அவர் கொடுக்கவே இல்லை, கொடுக்கத் தேவையும் இருக்கவில்லை. அழுகிற தாயைப் பார்த்து "அழாதே, கடவுள் சித்தம்" என்று அந்த இடத்தில் வேதம் சொல்லவில்லை. ஆறுதல் பெற மறுக்கிறாள் என்று எழுதிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறது.

கொரோனாவிலும் அப்படித்தான். 2020 மார்ச் 22, மக்கள் ஊரடங்கு நாள், தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. அன்றைய வாசகம் யோவான் 9. பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவனா இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்க, யாரும் இல்லை என்கிறார் இயேசு. அடுத்த ஞாயிறு, ஊரடங்கு தொடங்கி ஆலயங்கள் பூட்டிக்கிடந்தபோது, யோவான் 11. "ஆண்டவரே, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டான்" என்று மார்த்தா நேருக்கு நேர் சொல்கிறாள், மரியாவும் அதையே சொல்கிறாள். அதைக் கேட்டு இயேசு கோபப்படவில்லை. அழுகிறார். இந்த வாசகங்களை யாரும் நோய்க்காகத் தேர்ந்தெடுக்கவில்லை, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சுற்றி வருகிற முறைப்படி வந்தவை. நமக்குப் பிடித்த வசனத்தை நாமே பொறுக்கினால் இவை ஒருபோதும் கையில் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

நெல்லைச்சீமை எழுதியது:

கடலோரம் அண்ணே, இதை எழுதியதற்கு நன்றி. யோவான் 9-ம் யோவான் 11-ம் அடுத்தடுத்த ஞாயிறுகளில் வந்தது எனக்குத் தெரியாது. எங்கள் பக்கம் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பதுதான் பெரிய விஷயம். தட்டில் இருக்கிற எந்த அட்டையிலும் ராகேல் இருக்க மாட்டாள், புலம்பல் புத்தகம் என்றால் "அவருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவைகள்" மட்டும் இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் எருசலேம் எரிந்து கிடக்கிறது என்பது அட்டையில் வராது.

வார்டு_அக்கா எழுதியது:

நான் அரசு மருத்துவமனையில் நர்ஸ். கொரோனா வார்டில் இரண்டு அலையிலும் இருந்தேன். அங்கே படுத்திருந்தவர்கள் என்ன கேட்டார்கள் என்று நான் சொன்னால் உபயோகமாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

வேதப்புத்தகம் உள்ளே கொண்டுபோக முடியாது, கொண்டுபோனால் திரும்ப வெளியே எடுக்க முடியாது. அதனால் போனில் வாசித்துக் காட்டுவேன், அல்லது ஆடியோ போட்டுக் காதருகே வைப்பேன். கவச உடைக்குள் கையுறை மேல் கையுறை, கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும், திரையில் எழுத்து சரியாகத் தெரியாது, அதனால் மனப்பாடமாக இருக்கிறதைத்தான் சொல்ல முடியும். கிறிஸ்தவ நோயாளிகள் முதல் நாள் 91 கேட்பார்கள். மூச்சு மோசமாக ஆக ஆக 23 கேட்பார்கள். ஒரு வாத்தியார் அம்மா மட்டும் 88 வாசிக்கச் சொன்னார். எனக்கு அதுவரை அந்தச் சங்கீதமே சரியாகத் தெரியாது. "நான் வெளியே புறப்படக் கூடாதபடி அடைபட்டிருக்கிறேன்" என்று எட்டாம் வசனத்தில் வருகிறது. அவர் கையைத் தூக்கி, அங்கே நிறுத்தச் சொன்னார். இன்னொரு தடவை வாசி என்றார். தன்னைப் பற்றி வேதத்தில் எழுதியிருக்கிறது என்பது அவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. அந்தச் சங்கீதம் நம்பிக்கை வார்த்தையோடு முடியாது. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிந்துவிடும். சொந்தக்காரர் யாரும் உள்ளே வர முடியாத வார்டில் அதுதான் உண்மை.

தம்பி, அந்த அக்காவுக்கு 91-ஐ மட்டும் வைக்காதீர்கள். 88-ஐயும் வையுங்கள்.

ஜெபவீரன் எழுதியது:

வார்டு_அக்கா, உங்கள் ஊழியத்துக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். ஆனால் எனக்கு ஒரு பயம் இருக்கிறது, மனசில் வைத்துக்கொள்ளாமல் சொல்கிறேன். எல்லாரும் புலம்பல் வாசிக்கலாம், 88 வாசிக்கலாம் என்கிறீர்கள், சரி. அப்படியே போனால் சுகத்துக்காக ஜெபிக்கிறதையே விட்டுவிடுவோம். "ஆபத்தில் நானே அவனோடிருந்து, அவனைத் தப்புவிப்பேன்" என்பதும் வேதம்தான். பிழைக்க மாட்டார் என்று கையை விரித்தவர்களைப் பிழைக்க வைக்கிற தேவன் என்று நம்பாவிட்டால் ஜெபமே எதற்கு?

பழைய_ஏற்பாடு எழுதியது:

ஜெபவீரன், சுகத்துக்காக ஜெபிப்பதை யாரும் விடச் சொல்லவில்லை. எரேமியாவைப் பாருங்கள். 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி தேவாலயத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து, இன்னும் இரண்டே வருஷம், பாபிலோன் நுகம் முறிந்துவிடும், கொண்டுபோன பாத்திரமெல்லாம் திரும்பி வரும் என்கிறான். கேட்க எவ்வளவு இனிமையாக இருந்திருக்கும். எரேமியா என்ன சொன்னார்? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." அவருக்கும் அது நடக்க வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் ஆசை வேறு, கர்த்தர் சொன்னார் என்று சொல்லிவிடுவது வேறு. அனனியா எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து முறித்தே காட்டினான். அந்த வருஷமே செத்துப்போனான்.

அடுத்த அதிகாரம் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். நம் வீடுகளில் தொங்குகிற 29:11, சமாதானத்துக்கேதுவான நினைவுகள், அதில்தான் இருக்கிறது. அதற்கு மேலே பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. அதற்கும் மேலே, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று இருக்கிறது. இந்தக் கடிதத்தை வாசித்த பெரியவர்களில் பலர் பாபிலோனிலேயே அடக்கமானவர்கள். அவர்களுக்குக் கொடுத்த வாக்குத்தத்தம் அது. 2020-ல் இந்தத் தேதியில் நோய் ஒழியும், அந்தப் பண்டிகைக்குள் முடியும் என்று யூடியூபில் வந்ததெல்லாம் எந்தப் பக்கம் சேர்ந்தது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

மட்டுநகர் எழுதியது:

வணக்கம், நான் மட்டக்களப்பு. இந்த இழையை வாசிச்சுக்கொண்டு வந்தனான், ஒன்று சொல்லவேணும் போல இருந்தது. எங்களுக்கு 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில ஞாயிறு பள்ளிக்கூடம் முடிஞ்சு நின்ற பிள்ளைகள் குண்டுவெடிப்பில போனவை. கொச்சிக்கடையிலயும் கட்டுவாப்பிட்டியிலயும் பூசைக்குப் போன சனம். நோய் வந்து சாகிறதும், ஒருத்தன் வந்து கொல்லுறதும் ஒன்றில்லை. எங்களுக்கு அடுத்த நாளே "பிதாவே, இவர்களை மன்னியும்" என்ற வசனம் எல்லா இடமும் போட்டார்கள். அது இயேசு சிலுவையில தன்னைக் கொல்லுறவைக்காகச் சொன்னது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு முன்னால அதை வேறு ஆர் சொல்லலாம்? அவ சொன்னால் சொல்லலாம். பழிவாங்கும் சங்கீதங்களை நாங்கள் வெட்கப்பட்டு ஒதுக்கி வைக்கிறம். எனக்கு அந்த நாட்களில 137-ஐ முழுதாக, அந்தக் கடைசி வசனத்தோட, வாசிக்க விளங்கினது. கோபத்தை மனுசரிட்டக் கொட்டாமல் தேவனிட்டக் கொட்டுறதுக்குத்தான் அது இருக்குது. கோபத்தைச் சொல்ல விட்டபடியால்தான் பழிக்குப் போகாமல் இருக்க ஏலுமாக இருந்தது.

கடலோரம் எழுதியது:

மட்டுநகர், என்ன சொல்வது என்று தெரியவில்லை. உங்கள் பிள்ளைகளுக்காக மன்றாடுகிறேன். எங்களுக்கும் 2017 ஒக்கியில் இந்தக் கோபம் இருந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போனவர்களில் பலருக்கு உடலே கிடைக்கவில்லை. அதைக் கடவுள் அனுப்பிய புயல் என்று சொல்லிவிட்டால், எச்சரிக்கை சரியான நேரத்தில் போய்ச் சேராததைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை, தேடல் தாமதமானதைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. விடுதலைப் பயணம் 3-ல் ஆண்டவர் "என் மக்களின் கூக்குரலைக் கேட்டேன்" என்கிறார். அதை வாசித்தவர்கள்தான் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள்.

சாலமோன்மண்டபம் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் நியாயத்தீர்ப்பு என்ற விஷயத்தையே விட்டுவிட்டீர்களே. 2 நாளாகமம் 7:13-ல் கொள்ளைநோயை அனுப்புவேன் என்று கர்த்தர்தானே சொல்கிறார்? லூக்கா 21:11-ல் கடைசி நாட்களில் கொள்ளைநோய்கள் வரும் என்று இயேசுவே சொன்னார். மனந்திரும்புதலைப் பேசாமல் ஆறுதலை மட்டும் பேசினால் அது பாதி வேதம்.

பழைய_ஏற்பாடு எழுதியது:

நியாயமான கேள்வி. 2 நாளாகமம் 7:14-ஐயும் சேர்த்து வாசியுங்கள், "என் நாமம் தரிக்கப்பட்ட என் ஜனங்கள்" தங்களைத் தாழ்த்த வேண்டும் என்றுதான் இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரனைக் காட்டிப் பேச அதில் இடமில்லை. லூக்கா 13-ல் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்களே, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்கிறார். உடனே, கேட்டுக்கொண்டிருப்பவர்களை மனந்திரும்பச் சொல்கிறார். மனந்திரும்புதல் உயிரோடு இருப்பவனுக்கு வருகிற அழைப்பு. செத்தவன்மேல் போடுகிற தீர்ப்பு ஆகவே ஆகாது. அந்தப் பெரியவர் அக்காவிடம் செய்தது அதைத்தான். யோபுவின் நண்பர்கள்கூட ஏழு நாள் வாய்திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அந்த ஒரு வாரம் அவர்கள் நல்ல நண்பர்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது, கடைசியில் கர்த்தர் அவர்கள்மேல் கோபப்படுகிறார்.

வார்டு_அக்கா எழுதியது:

வெளிப்படுத்தல் 13-ஐயும் யாராவது சொல்லிவிடுங்கள். தடுப்பூசியில் சிப் இருக்கிறது, 666 முத்திரை என்று வந்த ஃபார்வர்டைக் காட்டி ஊசி வேண்டாம் என்ற வயசானவர்களை நான் பார்த்தேன். அவர்களில் சிலர் எங்கள் வார்டுக்கே வந்தார்கள். அந்த வீடியோவைப் பேசியவர் யாரும் வந்து அவர்கள் பக்கத்தில் நிற்கவில்லை.

பழைய_ஏற்பாடு எழுதியது:

அக்கா, 1527-ல் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் வந்தபோது பல்கலைக்கழகமே ஊரைவிட்டு யேனாவுக்குப் போனது. லூத்தர் போகவில்லை, வீட்டிலேயே நோயாளிகளை வைத்துப் பார்த்தார். ஓடலாமா கூடாதா என்று கேட்ட பிரெஸ்லாவ் ஊழியர்களுக்கு அவர் எழுதிய பதில் இன்றைக்கும் வாசிக்கத் தகுந்தது. பொறுப்பு இல்லாதவர் விலகிப்போவது பாவம் இல்லை. ஆனால் ஊழியரும், அதிகாரியும், பிள்ளையைப் பெற்றவரும் பொறுப்பில் இருப்பவர்களை விட்டு ஓடக்கூடாது. மருந்து எடுங்கள், வீட்டைப் புகைபோட்டுச் சுத்தம் செய்யுங்கள், தேவையில்லாத இடத்துக்குப் போகாதீர்கள், மருந்தை ஒதுக்குவது விசுவாசம் இல்லை, தேவனைச் சோதிப்பது என்றார். அவர் கையில் எடுத்தவை மத்தேயு 25, "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்", அப்புறம் சங்கீதம் 41. சிறுமைப்பட்டவன்மேல் சிந்தையுள்ளவனைத்தான் தீங்குநாளில் கர்த்தர் விடுவிப்பார் என்று அந்தச் சங்கீதம் தொடங்குகிறது. நோயாளியைப் பார்க்கப் போகிறவனுக்குக் கொடுத்த தைரியம் அது.

என் கருத்து, 91-ஐயும் அந்தப் பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். பயந்து கதவைச் சாத்திக்கொள்கிறவன் கையில் அது தாயத்து. கவச உடை போட்டுக்கொண்டு வார்டுக்குள் போகிறவர் வாயில் அது ஜெபம். 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்யவிடாமல் கல்லெறிந்து விரட்டினார்களே, அந்த இரவில் மண்வெட்டி எடுத்துத் தானே குழியை மூடிய சக மருத்துவர் செய்தது 91-க்கு நல்ல விளக்கம் என்று நான் நினைக்கிறேன், அவர் எந்த மதமாக இருந்தாலும்.

கடலோரம் எழுதியது:

எங்கள் விவிலியத்தில் தோபித்து நூல் இருக்கிறது. தெருவில் கிடக்கிற பிணங்களை எடுத்து அடக்கம் செய்ததற்காக எல்லாவற்றையும் இழந்தவரின் கதை. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நெல்லைச்சீமை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஐயரிடம் பேசிவிட்டேன். ஒரே புதன்கிழமையில் முடிக்காமல் இரண்டாகப் பிரிக்கிறேன். முதல் வாரம் 88, விளக்கம் எதுவும் இல்லை, வாசித்துவிட்டு மௌனமாக இருப்போம், யாராவது பேச விரும்பினால் பேசலாம். இரண்டாம் வாரம் 91, மத்தேயு 4, சங்கீதம் 41. ஜெபவீரன் பிரதர் சொன்னதை விடவில்லை, கடைசியில் இப்போது வியாதியாய் இருக்கிறவர்களுக்காகப் பெயர் சொல்லி ஜெபிப்போம்.

ஜெபவீரன் எழுதியது:

நல்லது பிரதர். பத்தாம் வசனத்தைப் பற்றி எனக்கும் உங்களுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை, அது இருக்கட்டும். 88-ஐ நான் எங்கள் சபையில் யாரும் வாசித்துக் கேட்டதில்லை, இந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் வாசிக்கப் போகிறேன்.

வார்டு_அக்கா எழுதியது:

தம்பி, 88 வாசிக்கப் போவதை அந்த அக்காவிடம் முன்கூட்டியே வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். வர இஷ்டமில்லை என்றால் அன்றைக்கு வர வேண்டாம். வந்தால் கதவுப் பக்கம் ஒரு நாற்காலி போடுங்கள், எழுந்து போகத் தோன்றினால் யாரையும் தாண்டாமல் போகலாம்.